குடிபெயர்ந்த பேராசிரியரும் கந்தப்பளை மாணாக்கரும்

விழா மலர் ஒன்றை விரிப்போர் முதலில் நாடுவது அதன் பெயர்ப் பட்டியலையே. இக்கல்லூரியிற் கற்ற இன்னார் இன்று இலண்டனில் வைத்தியர். இன்னார் கனடாவிற் கணக்காளர். இன்னார் அவுஸ்திரேலியாவிற் பொறியியலாளர் என்று அப்பட்டியல் நீண்டு செல்லும். படிக்குந்தோறும் நெஞ்சு பெருமிதம் கொள்கின்றது. ஆயினும் அப்பெருமிதத்தின் அடியில் வினா ஒன்றும் கிடக்கின்றது. பிறந்த மண்ணை விட்டுப் பிறிதொரு நாட்டிற் குடியேறிப் புகழெய்திய ஒருவரை நாம் எதன் பொருட்டுப் போற்றுகின்றோம்? சென்றமைக்காகவா? பொருள் ஈட்டியமைக்காகவா? அன்றி, ஆங்கிருந்து ஆற்றிய பணிக்காகவா? இவ்வினாவுக்கு விடை காணாது பட்டியலை மாத்திரம் அச்சிடுதல் சங்கத்துக்கு அழகாயினும், மாணாக்கருக்கு வழியாகாது.

இதனைக் கந்தப்பளையிலிருந்து நாம் எழுதுதற்குக் காரணம் உண்டு. நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் பாதையில், தேயிலைச் சரிவுகளுக்கும் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்த சிற்றூர் இது. ஒருகாலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலமுள்ள சிறு இருப்புப்பாதை ஓடிற்று. 1903ஆம், 1904ஆம் ஆண்டுகளிற் திறக்கப்பட்ட அப்பாதையில், கந்தப்பளைப் புகையிரத நிலையம் 6,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருந்தது. 1948இல் அப்பாதை முற்றாக மூடப்பட்டது. அதே ஆண்டில் நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மலைகளில் உழைத்த மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அவர்கள் "குடியேறியோர்" என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம்.

ஆகவே ஈரிடத்தில் ஒரே சொல் இரு பொருள் தருதலைக் காண்கின்றோம். கலிபோர்ணியாவிற் குடியேறிய பேராசிரியரைப் பற்றிப் பேசுங்கால் அச்சொல் மாலையாகின்றது. கந்தப்பளையிற் குடியேறிய தொழிலாளியின் பேரனைப் பற்றிப் பேசுங்கால் அதுவே வசையாகின்றது. இம்முரணை ஆராய்தற்கு ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவர் நம் கல்லூரியைச் சேர்ந்தவர் அல்லர், இலங்கையரும் அல்லர். ஆயினும் தமிழ்நாட்டிற் பிறந்து, உலகெங்கும் மாந்தர் கையிலுள்ள தொலைபேசியினுள்ளே தம் எண்ணத்தைப் பதித்தவர். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஓய்வுநிலைப் பேராசிரியர் ஆரோக்கியசாமி பால்ராஜ் அவர்களே அவர்.

கோயம்புத்தூரை அடுத்த பொள்ளாச்சியில் 1944ஆம் ஆண்டு சித்திரை மாதத்திற் பால்ராஜ் பிறந்தார். பதினைந்தாம் வயதில், தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தின் வாயிலாக இந்தியக் கடற்படையிற் சேர்ந்தார். பல்கலைக்கழக வாயிலை நேரே மிதித்துச் சென்றவர் அல்லர் அவர் என்பதை நம் மாணாக்கர் கருத்திற் கொள்க. கடற்படையின் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் கற்றார். பின்னரே, பணியிலிருக்கும் அதிகாரியாகத் தில்லியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்படிப்புக்கு அனுப்பப்பட்டார். ஆங்கு பேராசிரியர் இந்திரேசன் அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தார். இரைச்சலினூடே வரும் சைகையைப் பிரித்தறியும் கணிதத்தில் ஈடுபட்டு, 1973இற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அக்காலத்தே நிகழ்ந்தது ஒரு பெருந்துயர். 1971ஆம் ஆண்டு மார்கழி 9ஆந் திகதி, "குக்ரி" என்னும் இந்தியப் போர்க்கப்பல் பாக்கிஸ்தானிய நீர்மூழ்கி ஒன்றினால் அரபிக்கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 194 பேர் மாண்டனர். நீரினுள் ஒலியை விடுத்து எதிரொலியால் நீர்மூழ்கியை அறியும் கருவி சோனார் எனப்படும். அக்கருவியின் குறைபாடு எத்துணை உயிர்களை விலையாகக் கேட்கும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. பழைய சோனாரைத் திருத்தும் பணி பால்ராஜிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரித்தானியாவின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கெனச் சிறிது காலம் தங்கி மீண்ட பின், கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுகூடத்திற் புதியதொரு சோனாரை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். "அப்சோ" எனப் பெயர் பெற்ற அக்கருவி 1983ஆம் ஆண்டளவிற் கப்பலேறியது. அயல்நாட்டாரிடம் விலைக்கு வாங்கிய கருவியையே நம்பியிருந்த கடற்படைக்கு அது சொந்தக் கண்ணும் காதுமாயிற்று.

பின்னர் 1983 முதல் 1986 வரை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் தோமஸ் கைலாத் அவர்களின் ஆய்வுக் குழுவில் விருந்தினராக இருந்தார். கைலாத் அவர்களும் இந்தியாவிலிருந்து சென்று குடியேறியவரே. அங்கே, பல திசைகளிலிருந்து ஒருங்கே வரும் அலைகளின் திசையைக் கணித்தறியும் முறையொன்றை வகுப்பதிற் பால்ராஜ் பங்குகொண்டார். அது இன்றும் பாடநூல்களிற் கற்பிக்கப்படுகின்றது. 1986இல் இந்தியா திரும்பியவர், செயற்கை நுண்ணறிவுக்கும் எந்திர மனிதவியலுக்குமான பாதுகாப்புத்துறை ஆய்வு நிலையம், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் மத்திய ஆய்வுகூடம் ஆகியவற்றின் தொடக்கப் பணிப்பாளராக இருந்து அவற்றை நிலைநிறுத்தினார். கொமடோர் என்னும் உயர் பதவியுடன் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றபொழுது அவருக்கு வயது ஐம்பதை அணுகிக்கொண்டிருந்தது. அதன் பின்னரே அமெரிக்காவிற் குடியேறினார். பிறர் ஓய்வூதியத்தைக் கணக்கிடும் பருவத்தில், அவர் ஆய்வாளர் நிலையிலிருந்து புதுவாழ்வு தொடங்கினார்.

அவர் கண்டுபிடித்தது யாது என்பதை இக்கல்லூரியின் கணித வகுப்பு மாணாக்கர் எளிதில் விளங்கிக்கொள்வர். வானொலி அலைகளைச் செலுத்துதற்கு உரிய அலைவரிசை அளவிற் குறைந்தது. ஒரே அலைவரிசையில் இரு செய்திகளை ஒரே நேரத்திற் செலுத்தின், இரண்டும் கலந்து குழம்பும். கேட்போர் ஒன்றையும் பெறார். இதுவே அந்நாள்வரை இருந்த பொதுவான எண்ணம். இதற்கு மேலும் ஓர் இடர்: அனுப்பப்பட்ட அலை மலையிலும் மதிலிலும் மரத்திலும் பட்டுத் தெறித்துப் பல வழிகளால் வந்து சேரும். அதனைப் பொறியியலாளர் பெருந்தொல்லையாகவே கருதி, அதனை ஒழிக்கும் வழியையே நாடினர்.

1992ஆம் ஆண்டளவில், கலந்து வரும் சைகைகளைப் பிரிக்கும் பரிசோதனையில் ஈடுபட்டிருந்த பால்ராஜ், இதற்கு மாறானதொன்றைக் கண்டார். தெறிப்பு மிகுதியாக இருந்தவிடத்திலே பிரித்தல் எளிதாயிற்று. அதன் காரணத்தை ஒருங்கமை சமன்பாடுகளைக் கொண்டு கூறலாம். அறியாக் கணியங்கள் இரண்டு என்க. ஒரு சமன்பாடு, அவற்றின் கூட்டுத்தொகை 12 என்று கூறுகின்றது. மற்றைய சமன்பாடும் கூட்டுத்தொகை 12 என்றே கூறுமாயின், எத்துணை அறிஞராலும் விடை காணல் இயலாது. இரண்டாவது சமன்பாடு, முதற் கணியத்தின் இருமடங்கோடு மற்றதைக் கூட்ட 17 வரும் என்று கூறின், உடனே 5 என்றும் 7 என்றும் விடை பிறக்கும். வெட்டவெளியில் நேரே வரும் அலைகளை இரு அன்டனாக்கள் வாங்கும்போது, இரண்டும் ஏறத்தாழ ஒரே கலவையைப் பெறுகின்றன. மலையிலும் மதிலிலும் தெறித்து வரும் அலைகளோ ஒவ்வோர் அன்டனாவிலும் வெவ்வேறு விகிதத்திற் கலக்கின்றன. வெவ்வேறு சமன்பாடுகள் கிடைக்கின்றன. எனவே, பல அன்டனாக்களால் அனுப்பிப் பல அன்டனாக்களால் வாங்கின், ஒரே அலைவரிசையிற் பல செய்தித் தொடர்களை ஒருங்கே செலுத்தலாம். தொல்லை என்று தள்ளப்பட்டதே துணையாயிற்று.

இவ்வெண்ணத்துக்கு உடனே வரவேற்புக் கிட்டியதென்று எண்ணற்க. தொடக்கத்தில் ஐயுற்றோரே பலர். பால்ராஜும் கைலாத்தும் இணைந்து கோரிய காப்புரிமை 1994இல் வழங்கப்பட்டது. 1996இற் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜெராட் பொஷினி முதலியோர் இத்துறைக்கு உறுதியான கணித அடிப்படையை அளித்தனர். வேறு பலரும் உழைத்தனர். அறிவியலில் ஒருவரே எல்லாம் செய்தார் என்று கூறுதல் உண்மையுமன்று, அழகுமன்று. ஆயினும் காகிதத்திலிருந்த கருத்தைக் கருவியாக்குதற்கு 1998இற் பால்ராஜ் தாமே நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதன் தொழில்நுட்பத்தை 2003இல் இன்டெல் வாங்கியது. அடுத்துத் தொடங்கிய பீசீம் என்னும் நிறுவனத்தை 2010இற் புரோட்கொம் வாங்கியது. இன்று வைபையும் நான்காம், ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசி வலையமைப்புகளும் இம்முறையின்றி இயங்குவதில்லை. 2010இல் இந்திய அரசின் பத்மபூஷண் விருதும், 2011இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பதக்கமும், 2014இல் மார்க்கோனிப் பரிசும் அவரை நாடி வந்தன.

கந்தப்பளையின் லயத்து இளைஞன் ஒருவன், குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் நின்றுகொண்டு, கொழும்பிலோ கட்டாரிலோ வேலை செய்யும் தமக்கையோடு முகம் பார்த்துப் பேசுகின்றான். அவ்வலைகளைப் பிரித்தெடுத்துச் சேர்க்கும் கணிதத்தில் பொள்ளாச்சித் தமிழர் ஒருவருக்குப் பங்குண்டு என்பதை அவன் அறியான். அறியாதது அவன் குறையன்று. அவனுக்கு அதனைக் கற்பித்தற்கு வேண்டிய ஆசிரியரை அவ்விடத்தே நிறுத்தாதது யாருடைய குறை என்பதே நாம் எழுப்பும் வினா.

பால்ராஜின் வாழ்க்கையிலிருந்து வழக்கமாகப் பெறப்படும் படிப்பினை, திறமையுள்ளவன் எங்கிருந்தாலும் மேல்வருவான் என்பதாகும். நாம் அதனை ஒப்புக்கொள்ளோம். அவர் திறமையை மறுப்பார் இலர். எனினும் அவ்வாழ்க்கையை ஊன்றி நோக்குவார்க்கு, மூன்று வேளைகளில் மூன்று கதவுகள் திறக்கப்பட்டமை புலனாகும். பதினைந்து வயதுச் சிறுவனுக்குக் கல்வியும் உணவும் உறையுளும் ஒருங்கே தந்த நிறுவனம் முதற் கதவு. பணியிலிருந்த அதிகாரியை ஒருமுறையன்றிப் பன்முறை விடுவித்துத் தில்லிக்கும் லஃப்பரோவுக்கும் ஸ்டான்போர்டுக்கும் கற்கச் செல்லவிட்ட இசைவு இரண்டாங் கதவு. ஐம்பதை நெருங்கிய ஒருவரை வயதும் நாடும் பாராது ஏற்ற, தமக்கு முன்னரே சென்று குடியேறிய பேராசிரியர் ஒருவரின் ஆதரவு மூன்றாங் கதவு. இம்மூன்றுள் ஒன்று அடைபட்டிருப்பினும் இன்று நாம் அவர் பெயரை அறிந்திரோம். திறமை விதை, கதவு மழை. விதையைப் புகழ்ந்து மழையை மறப்பது உழவரும் செய்யார்.

இனி, மறுதரப்பினர் கூற்றையும் கேட்போம். "ஏழை நாடு ஒன்று முப்பதாண்டு செலவிட்டு ஒருவரை உருவாக்கிற்று, பயனைச் செல்வ நாடு அறுவடை செய்தது. இதனைப் போற்றுவது தகுமா?" என்பர் சிலர். இக்கூற்றை எள்ளி நகையாடல் ஆகாது. இலவசக் கல்வியினாற் பயின்ற நம் பொறியியலாளரும் வைத்தியரும் கூட்டங் கூட்டமாகப் புறப்படுவதை, குறிப்பாக 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின், நாம் கண்ணாற் கண்டோம். ஆசிரியரின்றி வகுப்பும் வைத்தியரின்றி வைத்தியசாலையும் வெறுமையாகும் துன்பம் கற்பனையன்று.

இக்கூற்றுக்கு வலிய சான்றாகப் பேராசிரியர் அழகையா துரைராஜா அவர்களைக் காட்டலாம். வடமராட்சியிற் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் கற்று, கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் மண் பொறியியல் ஆய்ந்தவர் அவர். களிமண் பாரத்துக்கு இளகும் இயல்பைப் பற்றி றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, உலகெங்கும் அத்துறை மாணாக்கர் கற்கும் கோட்பாட்டின் அடிக்கற்களுள் ஒன்று. மேலைநாட்டிற் பேராசிரியராக அமர்ந்திருத்தற்குத் தக்க புலமை அவருக்கு இருந்தது. அவரோ தாய்நாடு திரும்பிப் பேராதனைப் பொறியியற் பீடத்திற் கற்பித்து, அதன் பீடாதிபதியாகவும் விளங்கினார். 1988இல், போர் உக்கிரமாக நிகழ்ந்த காலத்தே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்று, 1994 வரை அதனைக் கைவிடாது காத்தார். அவர் பெயரைக் கேட்டவுடன் கண்கலங்கும் பொறியியலாளரை இன்றும் நாம் காணலாம்.

இவ்விருவருள் உயர்ந்தவர் யார் என்று தராசு பிடிப்பது நம் நோக்கமன்று. ஒருவர் சென்றார், ஒருவர் மீண்டார். சென்றவர், செல்லுமுன் தம் நாட்டுக்கு முப்பதாண்டு பணி செய்து சோனாரும் ஆய்வுகூடங்களும் தந்து சென்றார். மீண்டவர், கற்ற கல்வியைப் பன்னூறு மாணாக்கர்க்குப் பகிர்ந்தளித்தார். இருவரிடத்தும் பொதுவாக உள்ளது யாதெனின், தாம் பெற்றதைத் தம்மோடு முடித்துக்கொள்ளாமையே. ஆதலின் நம் கருத்து இது: குடிபெயர்ந்தவரைப் போற்றுதற்குரிய அளவுகோல், அவர் எங்கே வாழ்கின்றார் என்பதன்று, அவர் நுழைந்த கதவை அடுத்தவனுக்காகத் திறந்து வைத்துள்ளாரா என்பதேயாம். கைலாத் திறந்து வைத்தார், பால்ராஜ் நுழைந்தார். திரும்பி வருக என்று கட்டாயப்படுத்தும் உரிமை நமக்கில்லை. திறந்து வைக்குமாறு கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இவ்வளவுகோலைக் கந்தப்பளையில் வைத்துப் பார்ப்போம். இம்மலையக மக்களின் மூதாதையர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து வந்து, முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்டனர். 2023ஆம் ஆண்டில் அவ்வருகையின் இருநூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்டது. இந்நாட்டின் பாதைகளையும் இருப்புப்பாதைகளையும் அமைத்ததில் அவர்கள் கைபடாத இடம் குறைவு. எனினும் 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று மக்களை எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் ஒப்பப் பங்கிடப்பட்டனர். நாடற்றோர் எனும் நிலை சட்டத்தால் முற்றாக நீங்குதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து முதுமையெய்தும் காலம் அது.

இவ்விடத்து நமக்கு நாமே ஓர் உண்மையைக் கூறிக்கொள்ளல் வேண்டும். வடபுலத்துக் கல்லூரிகளிற் கற்றோருள், மலையகத்தாரைத் தம்மவராக எண்ணாதோர் இருந்தனர். இன்றும் சிலர் உளர். தமது மைந்தன் தொறொன்ரோவிற் குடியுரிமை பெற்ற நாளில் உறவினர்க்கு விருந்தளிப்போர், தேயிலைத் தோட்டத்தான் இந்நாட்டிற் குடியுரிமை பெறத் தவித்த காலத்தில் வாளாவிருந்தனர். ஒரே மொழி பேசி, ஒரே கோயிலிற் கைகூப்பும் மக்களிடையே இவ்வேற்றுமை எங்ஙனம் முளைத்தது? குடியேறிய பேராசிரியரை மதிக்கும் நெஞ்சம், குடியேறிய கூலியாளையும் மதித்தலே முறை. இருவரும் உழைப்பையே மூலதனமாகக் கொண்டு அயலகம் புகுந்தவர். ஒருவருக்கு ஏணி கிடைத்தது. மற்றவருக்கு லயம் கிடைத்தது. வேறுபாடு அவ்வளவே.

அந்த ஏணியின் படிகள் கந்தப்பளையில் எங்கே முறிகின்றன என்பதைக் கூறுவோம். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுள் உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவை உடையன மிகச் சிலவே. பெயரளவிற் பிரிவு இருக்கும் இடங்களிலும் பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் நிலையான ஆசிரியர் வாய்ப்பது அரிது. குளிரும் தொலைவும் நல்ல உறையுள் இன்மையும் சேர்ந்து, வந்தவரை விரைவில் இடமாற்றம் நாடச் செய்கின்றன. ஆதலாற் சாதாரண தரத்திற் கணிதத்தில் மேன்மை பெற்ற பிள்ளையும் கலைப்பிரிவையே நாடுகின்றது. அன்றேல் கொழும்புக் கடைக்குச் செல்கின்றது. கலைக் கல்வி தாழ்ந்ததன்று. விருப்பத்தினாற் கலை கற்றல் வேறு. வேறு வகுப்பு இன்மையாற் கலை கற்றல் வேறு.

பல்கலைக்கழக அனுமதியிற் கலை தவிர்ந்த பெரும்பாலான துறைகளின் இடங்களுள் 40 வீதம் நாடளாவிய திறமையினாலும், 55 வீதம் மாவட்ட மக்கள்தொகை விகிதத்தாலும், எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா மாவட்டம் பின்தங்கியவற்றுள் ஒன்று. ஆனால் வகுப்பே இல்லாதவிடத்து ஒதுக்கீடு யாது செய்யும்? பந்தியில் இலை போட்டுப் பெயர் எழுதிவைத்து, வீட்டு வாயிலைப் பூட்டி வைத்தாற்போல அஃது ஆகின்றது.

இதற்குப் பழைய மாணவர் சங்கம் செய்யத்தக்கன சில உள. விழாவை முன்னிட்டு மண்டபமும் வளைவும் கட்டும் பேச்சு எழுவது இயல்பு. அவற்றை வேண்டாமென்று கூறோம். ஆயின் அவற்றோடு பின்வருவனவும் எண்ணப்படல் வேண்டும்.

முதலாவது, மாணாக்கரைக் கொண்டு வருவதினும் ஆசிரியரைக் கொண்டு செல்வதே நன்று. மலையகப் பிள்ளைகள் சிலரைத் தெரிந்து நம் கல்லூரி விடுதியில் வைத்துக் கற்பிக்கலாம் என்பார் உளர். எண்ணம் நல்லதே. ஆனால் பல்கலைக்கழக அனுமதியின்போது, மாணவர் இறுதி ஆண்டுகளிற் பயின்ற பாடசாலையின் மாவட்டமே பெரிதும் கருதப்படுவதால், அப்பிள்ளை தன் மாவட்டத்துக்குரிய வாய்ப்பை இழத்தலுங் கூடும். மேலும் ஐவரை அழைத்து வரும் செலவில் ஐம்பதின்மர்க்கு ஆசிரியரை அனுப்பலாம். கந்தப்பளையில் இரு ஆசிரியர் தங்குதற்குத் தக்க வீடொன்றை வாடகைக்கு எடுத்து, கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் படி அளித்து, இரண்டு ஆண்டுக் கட்டாயத் தொடர்ச்சியுடன் வகுப்பு நடத்துவது சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. அண்மையிற் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் நம் இளைஞர்க்கும் அது நல்ல தொடக்கமாகும்.

இரண்டாவது, காலம் கடந்தோர்க்குக் கதவு வேண்டும். பால்ராஜ் முப்பதை அணுகும் வயதிற் கலாநிதியானார். ஐம்பதை அணுகும் வயதிற் கண்டுபிடிப்பாளரானார். நம் நாட்டிலோ பத்தொன்பது வயதில் எழுதும் ஒரு பரீட்சை வாழ்நாள் முழுவதையும் தீர்த்துவிடுகின்றது. தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் அடுப்பையும் உருட்டும் எந்திரத்தையும் பழுது பார்த்துப் பட்டறிவு பெற்ற இளைஞர் இம்மலைகளிற் பலர். 1980இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பணியிலிருந்தவாறே பொறியியற் பட்டம் பெற வழி வைத்துள்ளது. அத்தகையோருக்குக் கட்டணமும் நூலும் பயணச் செலவும் அளிக்கும் புலமைப்பரிசில் ஒன்றை, வயதெல்லையின்றி, சங்கம் நிறுவுமாக. பரீட்சையிற் தோற்றவனுக்கு இரண்டாம் முறை வாய்ப்பளித்தல் இரக்கமன்று, முதலீடு.

மூன்றாவது, கடல் கடந்து பேராசிரியராகவும் ஆய்வாளராகவும் விளங்கும் நம் பழைய மாணவரை நோக்கியது. அவர்களிடம் பணம் கேட்டே பழகிவிட்டோம். பணத்தினும் அரியதொன்றை அவர்கள் தர இயலும். ஆண்டுக்கு ஒரு மாணவனின் கடிதத்துக்கு விடை எழுதுதல். விண்ணப்பம் எழுதும் முறையைத் திருத்திக் கொடுத்தல். தம் ஆய்வுகூடத்தில் ஓர் இடம் வெற்றிடமாகும்போது மலையகத்திலும் ஒருவன் இருக்கின்றான் என்று நினைத்தல். இந்தியாவிலிருந்து வந்த கடற்படை அதிகாரி ஒருவருக்குக் கைலாத் செய்தது இதுவே. அதற்குச் செலவு ஒன்றுமில்லை. நினைவு ஒன்றே வேண்டும்.

"இவையனைத்தும் செய்தாலும், அப்பிள்ளைகளும் கற்ற பின் நாடு கடந்து சென்றுவிடுவர் அல்லரோ?" என்று வினவுவார் இருக்கலாம். செல்வர், சிலர் செல்லவே செய்வர். அதனை அஞ்சிக் கற்பியாது விடுதல், மழைநீர் கடலுக்குப் போகும் என்று அஞ்சிக் குளம் வெட்டாது விடுதல் போலும். மேலும் ஒன்று. யாழ்ப்பாணத்தான் மகனும் கொழும்பினான் மகனும் சென்றபொழுது எழாத இவ்வினா, தோட்டத்துப் பிள்ளை செல்லும்போது மாத்திரம் எழுமாயின், அதன் வேர் நாட்டுப்பற்றில் இல்லை. தேயிலைச் செடியோடு அப்பிள்ளையும் அங்கேயே வேரூன்றி நிற்றல் வேண்டும் என்னும் பழைய எண்ணத்தில் உள்ளது. செல்லும் உரிமையும் தங்கும் உரிமையும் ஒருங்கே உடையவனே முழுக் குடிமகன்.

நம் இளம் மாணாக்கர்க்கும் ஒரு வார்த்தை. பேராசிரியர் பால்ராஜின் பரிசுகளைப் பட்டியலிட்டு மனனம் செய்தலாற் பயனில்லை. பிறர் தொல்லையென்று தள்ளிய தெறிப்பில், இரண்டாவது சமன்பாடு ஒளிந்திருத்தலை அவர் கண்டார். எதிர்பாராத விடை வந்தபொழுது அதனைப் பிழையென்று அழிக்காது, ஏன் வந்தது என்று வினவினார். பரிசோதனைக் கொப்பியிற் புத்தக விடைக்கு மாறாக வந்த எண்ணை இரகசியமாகத் திருத்தி எழுதும் வழக்கம் நம் வகுப்புகளில் உண்டு. அவ்வழக்கத்தை விட்டொழித்தல், அவர் வாழ்விலிருந்து பெறத்தக்க பாடங்களுள் தலையாயது.

அடுத்த விழா மலர் வெளிவருங்கால், அதன் பெயர்ப் பட்டியலில் இலண்டனும் தொறொன்ரோவும் சிட்னியும் இடம்பெறுக. அவற்றோடு, கந்தப்பளையிற் கற்பித்தார் இன்னார், கந்தப்பளையிலிருந்து பேராதனைப் பொறியியற் பீடம் புகுந்தார் இன்னார் என்னும் இரு வரிகளும் இடம்பெறுதல் வேண்டும். நம் கல்லூரியை நிறுவிய முன்னோர் கல்வியைக் குலத்துக்கும் ஊருக்கும் எல்லை கட்டிக் கொடுக்கவில்லை. அவர்தம் நோக்கம் நிறைவேறுக. கல்லூரி வாழ்க, மலையகம் கல்வியிற் சிறக்க.